வேலையில்லாத மாதங்களின் கணக்கு



பாஸ்குத் திருநாள் கழிந்து, வேம்பு பூத்து, புங்கமரம் தளிர்விட்டு நிற்கும் இவ்வாரங்களில் நமது பங்கின் சில வீடுகளிலும் ஒரு புதுத் தளிர் காணப்படுகிறது. பல மாதமாக வேலையின்றி வீட்டிலிருந்த குடும்பத் தலைவர் மறுபடியும் காலையில் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். மளிகைக் கடை நோட்டில் ஏறிக்கொண்டே போன பாக்கி மெல்ல இறங்கத் தொடங்குகிறது. அடகுக் கடையில் இருந்த சிறு தோடு வீடு திரும்புகிறது. பிள்ளைகள் கூட முன்னைவிடச் சத்தமாய்ச் சிரிக்கிறார்கள். இதற்காகச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் செலுத்துவோமாக.

ஆனால் இப்படித் தலைநிமிர்கிற ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு கேள்வி நிற்கிறது. கழிந்துபோன அந்த மாதங்களை என்ன செய்வது? உற்றார் உறவினர் பெரும்பாலும் சொல்லும் யோசனை ஒன்றே: “போனது போகட்டும், அதை மறந்துவிட்டு ஆகவேண்டியதைப் பாருங்கள்.” அன்பினால் சொல்லப்படும் வார்த்தைதான். ஆனாலும் அது போதாது என்பதே என் எண்ணம். கடன் கணக்கைக் கூட்டிப் பார்க்காமல் எவரும் புது வியாபாரம் தொடங்குவதில்லை. அதுபோல, வேலையில்லாத காலத்தின் கணக்கைப் பார்க்காமல் தொடங்கும் புது வாழ்வு பழைய இடத்திலேயே மறுபடி இடறும். அந்தக் கணக்கின் அடியில் ஓர் ஆழ்ந்த கேள்வி கிடக்கிறது. கூலியில்லாத நாளில் மனிதனுடைய மதிப்பு குறைந்துபோகிறதா?

நமது கெங்கவல்லிச் சீமைக்கு வேலையில்லாக் காலம் புதிதல்ல. 2016-ம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசாங்கம் அறிவித்தது. கிணறும் ஆழ்துளைக் கிணறும் வற்றினால் முதலில் நிற்பது காட்டு வேலை. அதன்பின் கிழங்கு வரத்துக் குறைந்து சேகோ ஆலை நிற்கும். அதன்பின் தோல் உரிப்பவரும் களத்தில் மாவு காயவைப்பவரும் மூட்டை தூக்குபவரும் கையைக் கட்டி நிற்க வேண்டும். 2020 மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோதோ மழைக்கும் கிணற்றுக்கும் சம்பந்தமின்றியே எல்லா வேலையும் ஒரே நாளில் நின்றது. அது தபசு காலத்தின் நடுவில் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12-ந் தேதி பாஸ்குத் திருநாளன்று கோவில் கதவுகள் அடைபட்டிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இவை எல்லோருக்கும் பொதுவாய் வந்தவை. இவையன்றி ஆலை மூடியதாலும், சீக்கு வந்ததாலும், முதலாளி ஆளைக் குறைத்ததாலும் ஒரு வீட்டுக்கு மாத்திரம் தனியே வரும் வேலையில்லாக் காலமும் உண்டு. எல்லோருக்கும் வந்தால் பேசுவதற்குத் துணை இருக்கும். ஒருவருக்கு மாத்திரம் வரும்போதோ வெட்கமே அவருக்குத் துணை.

அந்த வெட்கம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மொய் எழுதப் பணமில்லை என்பதால் கலியாணத்துக்குப் போவதில்லை. “மாப்பிள்ளை இப்போது என்ன செய்கிறார்?” என்று யாராவது கேட்பார்களோ என்று மாமனார் வீட்டுக்குப் போவதில்லை. காணிக்கைத் தட்டு அருகில் வரும்போது தலை குனிவதைவிட வராமலிருப்பதே மேல் என்று ஞாயிறு பூசைக்கும் வருவதில்லை. மனைவி தோல் உரிக்கப் போய்க் கொண்டுவந்த கூலியில் சோறு பொங்கினால், அந்தச் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. பசியைவிட இந்த வெட்கமே குடும்பத்தை அதிகம் அரிக்கிறது. அது எங்கிருந்து வருகிறது? “சம்பாதிக்கிறவன்தான் மனிதன்” என்று நாம் சொல்லாமலே ஒப்புக்கொண்டிருக்கிற ஒரு கொள்கையிலிருந்து வருகிறது.

“அப்படிச் சொல்வதில் என்ன தப்பு, சுவாமி? உழைக்காதவன் உண்ணலாகாது என்று அர்ச். சின்னப்பரே எழுதவில்லையா?” என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலர் கண்டிப்பது உழைக்க மனமில்லாதவனை. உழைக்க இடம் கிடைக்காதவனை அல்ல. மனமிருந்தும் வேலை கிடைக்காதவனும், வேலை கிடைத்தும் மனமில்லாதவனும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். சர்வேசுரன் சமூகத்தில் இருவரும் ஒன்றல்ல. கொரிந்து பட்டணத்தில் ஆக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் தம்பதிகளோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்து பிழைத்த அர்ச். சின்னப்பருக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?

நமது ஆண்டவரோ இதை இன்னும் தெளிவாகப் படிப்பித்தார். அர்ச். மத்தேயு சுவிசேஷத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வீட்டெஜமான் விடியற்காலையில் ஆள் அமர்த்துகிறார். பிறகு மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும் சந்தைவெளிக்குப் போகிறார். கடைசியாகப் பதினோராம் மணி வேளையில், அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணியளவில், போகும்போதும் சிலர் அங்கே நிற்கிறார்கள். ஏன் நாள் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. அவர்கள் சொன்னதை நம்புகிறார், தோட்டத்துக்கு அனுப்புகிறார், பொழுதுபோனதும் முழுநாள் கூலியாகிய வெள்ளிக்காசை அவர்கள் கையிலும் வைக்கிறார்.

இந்த உவமை முதன்மையாக மோட்ச இராச்சியத்தைப் பற்றியது என்பது உண்மையே. ஆனால் ஆண்டவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வேலை கிடைக்காத கூலியாட்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. அந்த வெள்ளிக்காசு ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடப் போதுமான கூலி. ஒருமணி நேரம் வேலை செய்தவனுடைய பிள்ளைகளுக்கு ஒருமணி நேரப் பசியா? அவர்களுக்கும் முழுப் பசிதான். ஆகவே எஜமான் கடிகாரத்தைப் பார்த்து அளக்காமல், அந்த மனிதனுக்குப் பின்னால் வீட்டில் காத்திருக்கும் வயிறுகளைப் பார்த்து அளந்தார். வெயிலில் உழைத்தவர்கள் முறுமுறுத்தார்கள். ஆனால் நாள் முழுதும் யாரும் அழைக்காமல் நிற்பதும் ஒரு வெயில்தான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

தத்துவ சாஸ்திரத்தில் ஒரு பழைய சூத்திரம் உண்டு. செயலானது இருத்தலைப் பின்செல்லும் என்பது அதன் பொருள். மாமரம் மாங்காய் காய்ப்பதால் மாமரமாவதில்லை. மாமரமாய் இருப்பதால் மாங்காய் காய்க்கிறது. காய்ப்பு இல்லாத வருஷத்திலும் அது மாமரந்தான். அதை எவரும் கருவேல மரம் என்று சொல்வதில்லை. அப்படியே மனிதனும் உழைப்பதால் மனிதனாவதில்லை. சர்வேசுரனுடைய சாயலாய் உண்டாக்கப்பட்டவனாகையால் உழைக்கிறான். உழைப்பு அவனுடைய மேன்மையிலிருந்து புறப்படுகிறதேயன்றி, மேன்மை உழைப்பிலிருந்து புறப்படுவதில்லை. ஆதலால் வேலை போனபோது வருமானம் போயிற்று, வசதி போயிற்று. மனிதன் போகவில்லை, தகப்பன் போகவில்லை.

“பசித்த வயிற்றுக்கு இந்தச் சூத்திரம் சோறு போடுமா?” என்றால், போடாது. அதனால்தான் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலையில்லாத மனிதனைப் பார்த்து, “உன் மதிப்பு குறையவில்லை, பேசாமல் இரு” என்று சொல்லிவிட்டு நாம் நம் வழியே போவது ஞானமல்ல, கல்நெஞ்சம். காய்க்க வேண்டிய மரத்துக்குத் தண்ணீர் இல்லாதது மரத்தின் குற்றமல்ல என்றாலும், அது பெரிய தீமையே. திருச்சபை இதை நெடுங்காலமாய்ச் சொல்லிவருகிறது. சிங்கராயர் என்று நம் பெரியோர் அழைத்த 13-ம் லியோ பாப்பரசர் 1891-ம் ஆண்டு வெளியிட்ட சமூக நிருபத்தில், ஒழுங்காய் வாழும் தொழிலாளி தன் சீவனத்தை நடத்தப் போதுமான கூலி நீதியின்படி கொடுக்கப்பட வேண்டும் என்று படிப்பித்தார். 1981-ல் இரண்டாம் அருள் சின்னப்பர், வேலை மனிதனுக்காக, மனிதன் வேலைக்காக அல்ல என்றும், வேலையின்மை எப்போதும் ஒரு தீமையே என்றும் எழுதினார். 2025 மே மாதத்தில் தெரிந்துகொள்ளப்பட்ட 14-ம் லியோ பாப்பரசர், 1891-ன் அந்த நிருபத்தை முன்னிட்டே இந்த நாமத்தை ஏற்றதாகக் கர்தினால்மாருக்குச் சொன்னார். வேலையைப் பற்றிய கவலை திருச்சபைக்கு ஓரத்தில் கிடக்கும் கவலையல்ல.

இவ்விரு உண்மைகளையும் சேர்த்துக் காண விரும்பினால் அர்ச். சூசையப்பரைப் பாருங்கள். நடுராத்திரியில் எழுந்து, தேவபாலனையும் தாயாரையும் கூட்டிக்கொண்டு எஜிப்துக்கு ஓடியவர் அவர். சொந்த ஊர் இல்லை, வாடிக்கைக்காரர் இல்லை, நம்பிக் கடன் கொடுப்பார் இல்லை. அங்கே அவர் எப்படிப் பிழைத்தார் என்று சுவிசேஷம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோதோ, அர்க்கேலாவு ஆளுகிறான் என்று கேட்டு யூதேயாவுக்குப் போகப் பயந்து, கலிலேயாவில் நசரேத் ஊரில் குடியேறினார். மறுபடியும் முதலிலிருந்து! நான் உங்களைக் கேட்கிறேன்: பட்டறை இல்லாத அந்த நாட்களில் சூசையப்பர் சேசுநாதருக்குக் குறைந்த தகப்பனாய் இருந்தாரா? தேவமாதா அவரைக் குறைவாய் எண்ணினார்களா? அவருடைய கையில் உளி இருந்த நாளிலும் இல்லாத நாளிலும் சர்வேசுரன் தம் குமாரனை அதே கைகளில்தான் ஒப்புவித்திருந்தார். காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர், 2020 டிசம்பர் 8-ந் தேதி அர்ச். சூசையப்பர் ஆண்டைத் தொடங்கி எழுதிய திருமடலில், பெருந்தொற்றினால் வேலையிழந்தவர்களை நினைத்து, எந்த இளைஞரும் எந்தக் குடும்பமும் வேலையின்றி இராதபடி அவரை மன்றாடச் சொன்னதும் இதனால்தான். தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்கள். உளி ஓய்ந்திருக்கும் நாளிலும் அந்தக் கைக்குள் வித்தை இருக்கிறதல்லவா?

இனி, அந்த மாதங்களை என்ன செய்வது என்ற முதற் கேள்விக்கு வருவோம். நமக்கு நன்றாய்த் தெரிந்த குச்சிக்கிழங்கே இதற்குப் பதில் சொல்லும். அது பஞ்சகாலத்தில் ஏழைகளுக்கு ஆகாரமாகட்டும் என்று 1880-களில் திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்நிய நாட்டு ஜவ்வரிசியும் மாவும் வராமல் நின்றபோது, 1943 வாக்கில், சேலத்தில் சேகோ தொழில் தோன்றியது. பற்றாக்குறையிலே பிறந்த தொழில் இன்று எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போடுகிறது. அந்தக் கிழங்கை எப்படி நடுகிறோம்? புதிதாய் விதை வாங்கி விதைப்பதில்லை. கிழங்கு பிடுங்கிய பழைய செடியின் தண்டை நிழலில் பத்திரப்படுத்தி, துண்டு துண்டாய் நறுக்கி நடுகிறோம். பார்வைக்குக் காய்ந்த குச்சி. அதிலிருந்தே தளிர் வருகிறது. புது வெள்ளாமை பழைய செடியிலிருந்து வருகிறது. ஆனால் குடியானவன் எல்லாத் தண்டையும் நடுவதில்லை. தேமல் கண்ட செடியின் குச்சியை ஒதுக்கிவிடுகிறான். ஏனெனில் அந்தக் குச்சியோடு அந்த நோயும் வரும்.

குடும்பங்களே, இதுவே புதுத் தொடக்கத்தின் இரகசியம். கழிந்த காலத்தை முழுதும் மறப்பவன் நல்ல குச்சியையும் எரித்துவிடுகிறான். முழுதும் சுமப்பவன் தேமலையும் சேர்த்து நடுகிறான். ஆகவே கணவனும் மனைவியும் ஒரு நாள் இரவு ஜெபமாலைக்குப் பின் உட்கார்ந்து, எதை நடுவது, எதை எறிவது என்று பேசிக்கொள்ளுங்கள்.

நடவேண்டியவை எவை? வேலையில்லாத நாட்களில் அப்பா பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். வேலை வந்துவிட்டது என்று அதை நிறுத்தவேண்டாம், வாரத்தில் ஒரு மாலையாவது வைத்துக்கொள்ளுங்கள். மனைவி சம்பாதித்ததைக் கணவன் உண்டான். அதை அவமானமாய் நினைத்து மூடவேண்டாம், நன்றியாய் நினைத்துப் பிள்ளைகள் காதில் விழச் சொல்லுங்கள். குறைந்ததைக் கொண்டு வாழ்ந்தீர்கள்; அந்தச் சிக்கனத்தைக் காப்பாற்றுங்கள். குடும்பமாய் ஜெபித்தீர்கள்; ஜெபம் இல்லாதபோது மாத்திரம் செய்வதல்ல.

எறியவேண்டியவை எவை? வெட்கத்தை மறக்கப் பழகிய மதுக்கடை வழி. கோபத்தில் சொன்ன, “என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது” என்பது போன்ற முள் வார்த்தைகள். வேலையிலிருக்கும் அண்ணன் தம்பியைப் பார்த்து உண்டான காய்ச்சல். இழந்ததையெல்லாம் ஒரே வருஷத்தில் பிடித்துவிட வேண்டும் என்று ஞாயிறும் பூசையுமில்லாமல் உழைக்கும் வெறி. இந்தக் கடைசித் தேமல்தான் நல்ல குச்சியைப்போல் தோன்றி ஏமாற்றுவது. கூலியில்லாததால் தான் ஒன்றுமில்லை என்று எண்ணினவனும், கூலி இருப்பதால் தான் எல்லாம் என்று எண்ணுகிறவனும் ஒரே பொய்யைத்தான் நம்புகிறார்கள்.

அடுத்தது கடன். பணக் கடன் வேறு, நன்றிக் கடன் வேறு. பணக் கடன் நீதியைச் சேர்ந்தது. அதைத் திருப்பியே ஆகவேண்டும். வட்டி ஏறுவதை முன்னிட்டுப் பெரிய கடனைக் கவனிக்கும்போது, நோட்டில் எழுதிக் கொடுத்த சிறு கடைக்காரரையும், கைமாற்றாய் நூறு இருநூறு தந்த பக்கத்து வீட்டு அம்மாளையும் கடைசியில் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் கேட்காமலிருப்பது தேவையில்லாததால் அல்ல. கந்துவட்டியில் அகப்பட்டவர்கள் பயந்து ஒளியவேண்டாம். அதீத வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. விவரம் தெரிந்தவர்களோடு வந்து பேசுங்கள். நன்றிக் கடனைப் பற்றி அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் சொல்வது அழகானது. மனதினால் நன்றி உடனே செலுத்தப்பட வேண்டும். கைம்மாறோ உபகாரிக்கு ஏற்ற காலத்தில் செய்யப்பட வேண்டும் என்கிறார். உதவி பெற்ற மறுநாளே அதைத் தீர்த்துவிட்டுக் கைகழுவத் துடிப்பது நன்றியல்ல, மறைந்த அகங்காரம். உங்களுக்கு உதவியவருக்கு ஒருநாள் உங்கள் உதவி தேவைப்படும். அன்றைக்கு இருங்கள்.

வேலையும் வசதியும் உள்ள குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையில்லாதவரைச் சந்திக்கும்போது, “இன்னும் ஒன்றும் ஆகவில்லையா?” என்ற கேள்வியை விட்டுவிட்டு, நீங்கள் அறிந்த வேலை ஒன்றைச் சொல்லுங்கள். காடு வைத்திருப்பவர்களும், மேஸ்திரிகளும், கடை நடத்துபவர்களும் ஓர் ஆள் தேவைப்படும்போது பங்கில் வேலையின்றி இருப்பவரை முதலில் நினையுங்கள். அன்றாடக் கூலியை அன்றைக்கே கொடுங்கள். பொழுது சாயுமுன் ஏழையின் கூலியைக் கொடுக்கவேண்டும் என்பது மோயீசன் காலத்துக் கட்டளை. உதவி செய்தால் வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியவேண்டாம், தெருவுக்கும் தெரியவேண்டாம். காணிக்கைத் தட்டு வெறுமையாய்க் கடந்துபோகும் கையைப் பார்க்காதிருப்பதும் ஒரு தர்மமே.

இந்தப் பாஸ்கு காலத்தில் வாசிக்கப்படும் சுவிசேஷம் ஒன்று உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் நிற்கிறார். இராயப்பரும் மற்றவர்களும் இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் விடியற்காலையில் வருகிறார்கள். தொழில் தெரியும், பிரயாசையும் உண்டு, படகுதான் காலி. அந்த வேளையில் அவர் அவர்களைப் பிள்ளைகளே என்று அழைக்கிறார். கவனியுங்கள்: 153 பெரிய மீன்கள் அகப்பட்ட பிறகல்ல, வலை வெறுமையாய் இருக்கும்போதே அப்படி அழைக்கிறார். கரையேறினால் அங்கே கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஏற்கெனவே ஆயத்தமாயிருக்கின்றன. அவர்கள் பிடித்த மீன் வந்துதான் அடுப்பு எரியவேண்டும் என்றில்லை. ஆனாலும் அவர் அதோடு விடவில்லை. அவர்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்கிறார். வெறும் வலையோடு வந்தவர்களையும் பிள்ளைகளாய் ஏற்பது அவருடைய அன்பு. அவர்கள் கையின் பிரயாசையையும் தம் பந்தியில் சேர்த்துக்கொள்வது அவர்களுக்கு அவர் தரும் மரியாதை.

1955-ம் ஆண்டு 12-ம் பத்திநாதர் பாப்பரசர் மே மாதம் 1-ந் தேதியைத் தொழிலாளியாகிய அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். வருகிற மே 1-ந் தேதி காலைப் பூசைக்குப் பின் நமது கோவிலில் தொழிற்கருவிகள் மந்திரிக்கப்படும். அரிவாள், மண்வெட்டி, கரணை, உளி, தையல் கத்தரி, எழுதுகோல், எதுவானாலும் கொண்டுவாருங்கள். புதிதாய் வேலைக்குத் திரும்பியவர்கள் குடும்பத்தோடு வாருங்கள். இன்னும் வேலை கிடைக்காதவர்களும் தவறாமல் வரவேண்டும். வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் நிற்கவேண்டாம். கருவியில்லாதவர்கள் வெறுங்கையை நீட்டுங்கள். அன்றைக்கு முதலில் மந்திரிக்கப்படுவது அந்தக் கைகளே.

சேசு, மரி, சூசை உங்கள் வீடுகளைக் காப்பார்களாக.

உங்கள் பங்குச் சுவாமி
கெங்கவல்லி